பதினாறாம் நம்பருக்கு நேராக இரண்டு கையெழுத்து

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஹாக்கி அணியில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாளாம். என்னுடைய பழைய நோட்டுகளையெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாள். பேச்சில் அப்படி ஒரு வேகம், நடுவில் மூச்சு விடுகிறாளா என்றே சந்தேகம் வந்தது.

"மேடம், எல்லாப் பக்கமும் நீட்டா இருக்கு. ஒரு பக்கத்துல மட்டும் பதினாறாம் நம்பரைக் கோடு போட்டு அடிச்சிருக்கு. நேரா ரெண்டு கையெழுத்து. தப்பா எழுதுன பக்கமா? விட்டுரலாமா?"

"விட்டுராதம்மா. நான் எழுதுனதுலயே உருப்படியான பக்கம் அது ஒன்னுதான்" என்றேன்.

சிரித்தாள். இனிமேல் யாரும் மைதானத்தில் உட்கார்ந்து வெயிலில் வாட வேண்டியதில்லை என்றாள். நாலு மூலையிலும் கேமரா மாட்டிவிட்டால் போதுமாம். எந்தப் பிள்ளை எவ்வளவு ஓடினாள், எத்தனை பந்தைப் பறித்தாள் என்று அதுவே கணக்கெடுத்து வரிசையும் போட்டுவிடுமாம்.

"கேமராவுக்கு ஆளு எப்படிம்மா தெரியும்?"

"ஜெர்சி நம்பரை வச்சு மேடம். நம்பரைப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்சிரும்."

வாயில் இருந்த காப்பி எனக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்து, "இரும்மா, அந்தப் பக்கத்தோட கதையை எழுதி அனுப்புறேன். படிச்சிட்டு அப்புறம் ஒன் கேமராவை மாட்டு" என்றேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஆவூர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஹாக்கி மட்டையைத் தொட்டேன். மாவட்ட அணி, கல்லூரி அணி என்று ஓடிக்கொண்டிருந்தபோது முழங்கால் போயிற்று. அப்புறம் உடற்கல்விப் படிப்பு, அப்புறம் முப்பத்திரண்டு வருஷம் புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் பி.டி. டீச்சர். மேரி டீச்சர் என்றால் தெரியும். என் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்காத நாள் கிடையாது, நான் கொடுத்த நாளும் கிடையாது. பதினெட்டுப் பிள்ளைக்கு ஒன்பது மட்டை இருக்கும். அதை வைத்து எல்லாப் பிள்ளையையும் எப்படி ஆடவைப்பது என்பதில் எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

ரிட்டயர் ஆன மறு வருஷம் ஒரு தொழில்முறைப் பெண்கள் அணி என்னைக் கூப்பிட்டது. எங்கள் பக்கத்து மாவட்டங்களில் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் முதல் இருபது பேரைத்தான் அணி திரும்பிப் பார்க்கும். அதிலும் மேலே இருக்கிற நாலைந்து பேருக்குத்தான் பயிற்சி முகாம். இருபத்தொன்றாவது பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கேட்பதற்குச் சின்ன வேலையாக இருக்கும். செய்து பாருங்கள், ராத்திரி தூக்கம் வராது.

இப்படி வரிசை போடுகிற எங்களுக்குத் தலைவர் சிவசாமி சார். ராணுவ அணிக்கு ஆடியவர், மதுரைக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். ஆட்டம் எட்டு மணிக்கென்றால் ஏழு மணிக்கே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பிளேடால் நாலு பென்சிலைச் சீவி வரிசையாக வைப்பார். ரப்பர் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டார். எங்களையும் வைத்துக்கொள்ள விடமாட்டார். எழுதினதை மாற்ற வேண்டுமென்றால் குறுக்கே ஒரே ஒரு கோடு, அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்வார். பந்து இருக்கும்போது, பந்து இல்லாதபோது, பந்தைப் பறிகொடுத்த பிறகு. "மொதக் கட்டத்தைக் கூட்டமே பாத்துக்கும் டீச்சர். நமக்குச் சம்பளம் மத்த ரெண்டு கட்டத்துக்கு" என்பார். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் எழுதக் கூடாது. ஒரு முறை நான் குனிந்து எழுதினேன். அவர் என் பென்சிலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் போட்டவளைப் பிள்ளை மாதிரி நடத்துகிறாரே என்று மதியம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் பார்த்தால், அன்றைக்கு நான் பார்த்த அளவு ஆட்டத்தை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

ஒரே இடத்தில் இரண்டு பேரை எழுதக் கூடாது என்பதும் அவர் சட்டம். "ரெண்டு பேரும் சமம்னு எழுதுறது சோம்பேறித்தனம். இன்னொரு தடவை பாருங்க."

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், பேர் கேட்கக் கூடாது. ஊர், பள்ளிக்கூடம் எதுவும் கேட்கக் கூடாது. நம்பர் மட்டும்தான். "பேரைக் கேட்டா ஊரு வரும், ஊரு வந்தா ஆளு வரும், ஆளு வந்தா போன் வரும்" என்பார். வரிசை முடிந்து கையெழுத்தான பிறகுதான் பேர் எழுதிய ஷீட்டைப் பிரிப்போம். நியாயமான சட்டம்தான். எத்தனையோ பெரிய மனிதர்களின் சிபாரிசு அந்தச் சட்டத்தில் முட்டிக்கொண்டு திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். என் மூக்கு உடைந்ததும் அதே சட்டத்தில்தான்.

அன்றைக்குப் புதுக்கோட்டை மைதானத்தில் தேர்வு ஆட்டம். நான், சிவசாமி சார், திருச்சியிலிருந்து வந்த இன்னொருவர் என்று மூன்று பேர். அந்த வருஷம் முகாமுக்கு எடுக்கும் நாலைந்து பேரில் கோல்கீப்பர் ஒருத்திதான் இருக்கலாம். பதினாறாம் நம்பர் ஜெர்சி போட்ட கீப்பரைப் பார்த்து நான் அசந்துபோனேன். கீப்பர் என்றால் தெரியுமல்லவா, தலையில் ஹெல்மெட், முகத்துக்கு முன்னால் கம்பி, மார்புக் கவசம், காலில் மெத்தை மாதிரி பேடு. இதையெல்லாம் சேர்த்துக் கிட் என்போம். ஆள் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது.

முதல் பாதியில் அந்தப் பதினாறு, பந்து வருகிறது என்று தெரிந்ததுமே கோலை விட்டுக் கிளம்பிவிடுவாள். எதிராளி மட்டையைத் தூக்குவதற்குள் முன்னால் போய் நின்று காலால் பந்தைத் தட்டிவிடுவாள். பயமென்றால் என்னவென்றே தெரியாத ஓட்டம்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்கு மூன்று பெனால்டி கார்னர் கிடைத்தது. ஹாக்கி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டில் நிற்பார்கள். எதிரணி பந்தை வெளியே தள்ளி, நிறுத்தி, கோலைப் பார்த்து முழு வேகத்தில் விடும். கோட்டிலிருந்து ஒருத்தி நேராக அந்தப் பந்தை நோக்கியே ஓட வேண்டும். ரஷ்ஷர் என்போம். அவள் காலில் பந்து படும், சில சமயம் முகத்திலும் படும். அவளைத் தாண்டி வருவதைக் கீப்பர் தடுக்க வேண்டும். மூன்றையும் பதினாறு தடுத்தாள். கடைசி நொடி வரை இமைகூட அசையாத மாதிரி நின்று, இடது காலை மட்டும் நீட்டித் தடுத்தாள்.

ஆட்டம் நின்றதும் நோட்டில் எழுதினேன். "ஏறியும் வருகிறாள், கோட்டிலும் நிற்கிறாள். இப்படி ஒரு கீப்பரை நான் பார்த்ததில்லை." முதல் இடம் கொடுத்தேன்.

அதே அணியில் தடுப்பாட்டக்காரி ஐந்தாம் நம்பர். அவளுக்கு நேராக எழுதியிருந்தேன்: "முதல் பாதியில் மைதானத்தில் இருக்கிறாளா என்றே தெரியவில்லை. இரண்டாம் பாதியில் மூன்று கார்னருக்கும் முதல் ஆளாகப் பந்தை நோக்கி ஓடினாள். நிலையில்லாத ஆட்டம்." இருபத்தேழாம் இடம்.

மூன்று பேரும் தனித்தனியாக வரிசை எழுதி மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தோம். ஒரு பெண்ணுக்கு யார் மேலான இடம் கொடுத்திருக்கிறாரோ அவர்தான் முதலில் பேச வேண்டும், கீழே கொடுத்தவர் கடைசியில். பதினாறுக்கு சார் ஆறாம் இடம் கொடுத்திருந்தார்.

"பேசுங்க டீச்சர்" என்றார்.

பேசினேன். வாய்க்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! பத்து நிமிஷம் விடாமல் பேசினேன். அவர் கேட்டுவிட்டு, "மொதப் பாதியில ஏறி ஏறி வந்த ஆளு, ரெண்டாவது பாதியில ஒரு தடவைகூட ஏறலயே. ஏன்?" என்றார்.

"ஆட்டத்தைப் படிச்சு மாத்திக்கிட்டா சார். அதுக்குப் பேருதான் மூளை."

"அப்படிங்களா." பென்சிலை எடுத்தார். பிறகு ஆறைக் கோடு போட்டு அடித்து, ஒன்று எழுதி, கையெழுத்துப் போட்டார். "ஒங்க கண்ணை நம்புறேன்."

ஷீட்டைப் பிரித்தோம். பதினாறு, பவித்ரா, இலுப்பூர். ஐந்து, காவியா, கட்டுமாவடி. இரண்டு பேரும் புதுக்கோட்டையில் ஒரே பள்ளியின் விடுதிப் பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். பவித்ராவுக்கு முகாமுக்கு வரச்சொல்லிக் கடிதம் போயிற்று. நான் ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

சென்னையில் முகாம் தொடங்கி எட்டாம் நாள் அங்கிருந்து பயிற்சியாளர் போன் செய்தார். "டீச்சர், ஒங்க நம்பர் ஒன்னுக்குக் கார்னர்ல நிக்கவே தெரியல. பந்து கெளம்புறதுக்கு முன்னாடியே பாஞ்சு வெளிய வந்துருது. அடுத்த வாரக் கடைசியில வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

"நிக்கத் தெரியாதா? மூணு கார்னரை என் கண்ணால பாத்தேன் சார். நீங்க பிள்ளையை என்ன பண்ணுனீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டு, மறுநாள் காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை. பத்து கார்னரில் ஏழு உள்ளே போயிற்று. பயிற்சி முடிந்து ஓரமாக உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"என்னடி ஆச்சு ஒனக்கு? புதுக்கோட்டையில மூணு கார்னர் தடுத்தவதானே நீ?"

பேடு வாரை அவிழ்ப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது நான் இல்லை டீச்சர்."

"என்னது?"

"மொதப் பாதிதான் நான். ரெண்டாவது பாதி காவியா. எங்க ஸ்கூல்ல கீப்பர் கிட்டு ஒன்னுதான் இருக்கு டீச்சர். அதான் ஆளுக்குப் பாதி. இன்டர்வல்ல பாத்ரூமுக்குப் பின்னாடி போய் மாத்திக்குவோம். பதினாறை அவ போட்டுக்குவா, அஞ்சை நான் போட்டுக்குவேன். எப்பவுமே அப்படித்தான்."

"அப்ப ஷீட்டுல பேரு எழுதிக் குடுத்தீங்களே?"

"அது சாப்பாட்டு டோக்கனுக்குன்னு நெனச்சோம் டீச்சர்."

ஆளுக்குப் பாதி! அந்த வார்த்தை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? என்னுடையது. இருபது வருஷத்துக்கு முன்னால் என் பள்ளியில் ஒரு கிட்டுக்கு இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டபோது, "ஆளுக்குப் பாதி, வாயை மூடுங்க" என்று தீர்ப்புச் சொன்னவள் நான். நல்ல ஏற்பாடாக இருக்கிறதே என்று மற்ற பள்ளி பி.டி. டீச்சர்கள் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மாவட்டம் முழுக்கப் பரவியது. வேறு எந்த ஊர்க்காரர் ஏமாந்திருந்தாலும் சரி, நான் ஏமாந்திருக்கலாமா? அணி கொடுத்த தொப்பியை மாட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"இதை மொத நாளே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"சொல்லணும்னுதான் டீச்சர் வந்தேன். வந்தவுடனே புது ஷூ குடுத்தாங்க." அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு வாய் வரலை."

"இப்ப ஏன் சொன்ன? சொன்னா இடம் போயிரும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர். ஆனா காவியா திருப்பூருக்கு வேலைக்குப் போறாளாம். பனியன் கம்பெனிக்கு. நேத்து போன் பண்ணுனா. நல்லா ஆடுறியாடின்னு கேட்டா."

நான் நல்லவள் மாதிரி எழுதிக்கொள்ளப் போவதில்லை. திரும்பி வரும் ரயிலில் விழுப்புரம் வரைக்கும், பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்றுதான் யோசித்தேன். இன்னும் ஒரு வாரத்தில் பவித்ராவை அனுப்பிவிடுவார்கள். முகாமில் சரியாக ஆடவில்லை என்று ஒரு வரி எழுதுவார்கள். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. சிவசாமி சார் என் கண்ணை நம்பினாரே, அந்தப் பெயர் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை வாரைப் பிடித்தபடி சொன்னாளே, அது காதை விட்டுப் போகவில்லை. பதினேழு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லையா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை கட்டுமாவடிக்குப் பஸ் ஏறினேன். கடற்கரையில் மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. காவியாவின் அம்மா கூடையில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா படகோடு கடலில். புதுக்கோட்டைத் தேர்வுக்கு வந்த டீச்சர் என்று சொன்னேன்.

"வாங்க டீச்சர். இங்கிட்டு நிழலுக்கு வாங்க. இவ திங்கக்கிழமை திருப்பூர் போறா, எங்க அக்கா மக கூட. நீங்க எதும் சர்ட்டிபிகேட் குடுக்க வந்தீங்களா?"

காவியா எழுந்து நின்றாள். நெடுநெடுவென்று, பவித்ராவின் உயரம், அதே வாகு; மைதான ஓரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் டீச்சர். பதினாறுக்குன்னு லெட்டர் வந்தப்பவே தெரியும். பவித்ரா மேல எனக்குக் கோவம் இல்லை. அவளும் நல்லாத்தான் ஆடுனா." என் பக்கம் ஒரு அடி வந்தாள். "நீங்கதான டீச்சர் பாத்துக்கிட்டு இருந்தீங்க? மூணு கார்னர் புடிச்சேன். ஆட்டம் முடிஞ்சு ஒங்க முன்னாடிதான் நடந்து போனேன். ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு ஒரு தடவை தட்டிப் பாத்திருக்கலாம்ல?"

அந்த அம்மா, "ஏய், டீச்சர்கிட்ட என்ன பேச்சு" என்று அதட்டினார்.

"அவ சொல்லட்டும்ங்க. தப்பு என்னுது" என்றேன். "இன்னொரு தடவை நிக்கிறியா காவியா?"

"யாரு கிட்டுல?"

"ஒனக்குன்னு தனிக் கிட்டுல."

அம்மாவின் கை மீன் மேலேயே நின்றது. "ஆசை காட்டிட்டு அப்புறம் இல்லைன்னு சொல்லிறாதீங்க டீச்சர். மொதத் தடவை லெட்டர் வரலைன்னதுக்கே பத்து நாள் சரியா சாப்பிடலை. இப்பத்தான் தேறி இருக்கா."

"இடம் கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பாப்பேன்னு மட்டும் சொல்றேன். இந்தத் தடவை ரெண்டு பாதியும் முழுசாப் பாப்பேன்."

அவர் மகளைப் பார்த்தார். காவியா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, பொதன்கெழமை வரைக்கும் இருக்கட்டும்" என்றார் அம்மா. "அதுக்கு மேல அக்கா மக காத்திருக்க மாட்டா."

அடுத்த நாள் மதுரையில் சிவசாமி சார் வீடு. நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். பஸ்ஸிலேயே கோடு போட்டுவிட்டேன், பஸ் குலுங்கியதில் கோணலாகத்தான் வந்தது. பக்கத்தில் எழுதியிருந்தேன்: "பதினாறாம் நம்பர் ஒருத்தி அல்ல, இரண்டு பேர். நான் கவனிக்கவில்லை." கீழே என் கையெழுத்து.

அவர் இரண்டு முறை படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒரே எடத்துல ரெண்டு பேரை எழுதக் கூடாதுன்னு எத்தனை வருஷமா சொல்றேன். எழுதிட்டீங்களே டீச்சர்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேலி அது. என்னால் சிரிக்க முடியவில்லை.

"நான் வெலகிக்கிறேன் சார்."

"வெலகுறது சுலபம். உக்காருங்க." பென்சிலை எடுத்தார். "ரெண்டாவது பாதியில ஏன் ஏறலைன்னு கேட்டேன்ல? கேட்டதோட நிறுத்திட்டேன். எந்திரிச்சுப் போய்ப் பாக்கலை. நம்பரை மட்டும் பாருங்கன்னு சட்டம் போட்டதும் நான்தான். எனக்கும் கொஞ்சம் எடம் விடுங்க." என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தைப் போட்டார். பிறகு பயிற்சியாளருக்குப் போன் போட்டு, பவித்ராவை மறு தேர்வுக்கு அனுப்பச் சொன்னார்.

புதன்கிழமை காலை அதே மைதானம். திருச்சியிலிருந்து இன்னொரு கிட் இரவல் வாங்கி வந்திருந்தேன். பவித்ராவும் வந்தாள், காவியாவும் வந்தாள். பார்த்த நிமிஷத்தில் ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். காவியா தன் கிட்டை மாட்டிக்கொண்டு, குனிந்து பேடைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி, சின்னதா இருக்கா?"

"இல்லை டீச்சர். ஈரமா இல்லை." அவள் சிரித்தாள். "எனக்கு எப்பவும் ரெண்டாவது பாதிதான. பவித்ரா வேர்வையோடதான் மாட்டியிருக்கேன். காஞ்ச பேடு இப்பத்தான் போடுறேன்."

நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சிவசாமி சார் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார். தன் வாழ்நாள் சட்டத்தை அன்றைக்குத் தானே மீறினார். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, இருவர் முகத்தையும் பார்த்து, "ஒங்க பேரு என்னங்க?" என்று தனித்தனியாகக் கேட்டார்.

ஆளுக்கு இருபது கார்னர். காவியா பதினாறு பந்தைத் தடுத்தாள். பவித்ரா ஆறு. உண்மையைச் சொன்ன பிள்ளை, சொன்னதற்காகவே தோற்கிறாள். அவளும் தெரிந்துதான் நின்றாள். இருபதாவது பந்து உள்ளே போனதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஷூவைத் திருப்பிக் குடுத்துரணுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் சார் கூப்பிட்டார். "டீச்சர், ஒங்க பழைய நோட்டுல அஞ்சாம் நம்பரைப் படிங்க. ரெண்டாவது பாதி."

படித்தேன். "மூன்று கார்னருக்கும் முதல் ஆளாகப் பந்தை நோக்கி ஓடினாள்."

"அது யாரு?"

எனக்குச் சுரீரென்றது. "பவித்ரா சார்!"

"ஓடுற பிள்ளையை எதுக்குப் பேடு மாட்டி நிக்க வச்சிருக்கோம்? கழட்டச் சொல்லுங்க."

காவியா கோலில் நின்றாள். பவித்ரா பேடு இல்லாமல், மட்டையோடு, ரஷ்ஷராக. முதல் பந்து கிளம்புவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். கோலுக்குள் நிற்கும்போது எது குறையாக இருந்ததோ அதே பாய்ச்சல். பத்து பந்தில் நாலை ஓடிப்போய் மட்டையிலேயே வாங்கிவிட்டாள். இரண்டு பந்து முழங்காலில் பட்டது. நொண்டிக்கொண்டு திரும்பி வந்து மறுபடி கோட்டில் நின்றாள். தாண்டி வந்த மிச்சத்தைக் காவியா பார்த்துக்கொண்டாள். ஒருத்திக்கு ஒருத்தி சத்தம் கொடுத்ததுகூட இல்லை. எத்தனை வருஷம் ஒரே பேடைப் போட்டவர்கள்!

புது வரிசை போட்டோம். காவியா முதல் இடம், இந்தத் தடவை சார் எழுதியதிலும் அதுவே. தடுப்பாட்டக்காரியாகப் பவித்ரா பதினெட்டு. இருபதுக்குள் வந்துவிட்டாள், ஆனால் அந்த வருஷம் முகாமுக்கு அது போதாது. காவியா சென்னைக்கும், பவித்ரா இலுப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். ஷூவைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஷூவோடு இலுப்பூரில் தினமும் காலையில் அவள் ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். மறு வருஷம் ஏழாம் இடம். முகாமுக்கு அழைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் போன எல்லாத் தேர்விலும் ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளைக்குப் பின்பும் கீப்பர்களிடம் நடந்துபோய் ஹெல்மெட்டை இரண்டு தட்டுத் தட்டுவேன். "யாரு உள்ள?" பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அது விளையாட்டு இல்லை. போன வருஷம் மற்ற முழங்காலும் மக்கர் செய்ததால் வேலையை விட்டேன்.

இந்த வருஷ லீக்கில் எங்கள் அணி ஆட்டத்தை ஆவூர் வீட்டில் டிவியில் பார்த்தேன். கடைசி இரண்டு நிமிஷம், ஒரு கோல் முன்னிலை, எதிரணிக்குப் பெனால்டி கார்னர். கோல் கோட்டில் கேமரா போயிற்று. கீப்பர் பதினாறு. பக்கத்தில் குனிந்து நின்றவள் ஐந்து. அந்த நம்பர்களை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்களாம்.

மாதாவே என்று கையைக் கூப்பிக்கொண்டேன். பந்து கிளம்பியது. ஐந்து பாய்ந்தாள். மட்டையில் உரசிய பந்து திசை மாறிக் கோலின் இடது மூலைக்குப் போயிற்று. பதினாறு அசையவே இல்லை, அசையவே இல்லை, கடைசியில் இடது காலை நீட்டினாள். பந்து வெளியே. நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். டிவியில் பவித்ரா நொண்டிக்கொண்டே திரும்பி வந்து, காவியாவின் ஹெல்மெட்டை இரண்டு தட்டுத் தட்டினாள்.

விசில் ஊதிய கையோடு என் போன் அடித்தது. மதுரையிலிருந்து சிவசாமி சார். என் பழைய நோட்டு வரியையே படிக்கிற மாதிரி சொன்னார்.

"டீச்சர், அந்தப் பதினாறாம் நம்பர் கீப்பரைப் பாத்தீங்களா? ஏறியும் வருது, கோட்டுலயும் நிக்குது. நான் ஆறாவது எடம் குடுத்திருந்தேன். நீங்க குடுத்ததுதான் சரி."

"அது ரெண்டு ஆளு சார்" என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"தெரியுதுங்க" என்றார். "ரெண்டு பேரும் இப்பத்தான் கேமராவைப் பாத்துச் சிரிச்சாங்க."